எட்டில் ஒரு பங்கு

சீதி புர்க்கான் நகரமன்றத்தில் அன்று கை தூக்கியவர்கள் பதினான்கு பேர். ஒரு கை குறைந்திருந்தாலும் காரியம் கெட்டிருக்கும். மன்றத் தலைவர் ஸி புஷ்அய்ப் எண்ணி முடித்துவிட்டு, நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினார். அவருக்குப் பின்னால் கோப்புகளோடு நின்றிருந்த நுஸ்ஹா எண்ணவில்லை. அவள் கடைசிக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறைச்சிக்கடை ஹாஜி அல்லாலின் கை அது. பாதி தூரம் ஏறி, காது சொறிகிற மாதிரி அங்கேயே நின்று, பிறகுதான் மேலே போனது.

"ஹாஜி, அது ஓட்டா, இல்ல ஈ ஓட்டறீங்களா?" என்று எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டும்தான் தம்பி. நீ பேசறப்ப எல்லாம் ஈ வருதே, என்ன பண்ண?"

மன்றமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் மேசையைத் தட்டி, தீர்மானம் நிறைவேறியது என்று சொல்லி, ஃபாத்திஹா ஓத இரண்டு கைகளையும் விரித்துவிட்டார். ஓதி முடித்தபின் தீர்மானத்தைத் திரும்பப் பேச யாருக்கும் வாய் வராது என்பது அவருக்குத் தெரியும். இப்படித்தான் நகரக் கட்டமைப்பு நிதி ஆணையம் பிறந்தது. அந்த நீளப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் 'பெட்டி' என்று பெயர் வைத்தது.

நுஸ்ஹா நகரமன்றத்தின் கட்டுமானப் பிரிவில் பொறியாளர். பெட்டியைப் பெற்றெடுக்க அவளுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. நகரமன்றம் கடன் கேட்டுப் போனால் தலைநகர் ரபாத்தின் வங்கிகள் தேநீர் கொடுத்து அனுப்பிவிடும். மன்றத்தின் வருமானம் எப்போது வரும், வந்தால் எதற்குப் போகும் என்று மன்றத்துக்கே தெரியாது. ஆணையம் அப்படியல்ல. அதற்குத் தனிக் கணக்கு, தனி முத்திரை. மொத்தச் சந்தையின் வாடகை நேராக அதன் கணக்கில் விழும். வடிகால் போகிற தெருவில் ஒவ்வொரு வீடும் பதினைந்து ஆண்டுகள் ஒரு கட்டணம் செலுத்தும். நாளைக்கு வரப்போகிற அந்தப் பணத்தை நம்பி வங்கி இன்றைக்கே கடன் தரும். குழாய் பதிக்கலாம், ஆற்றை அதன் இடத்தில் நிறுத்தலாம்.

இதையெல்லாம் அவள் மன்ற உறுப்பினர்களுக்குப் படம் போட்டு விளக்கினாள். விளக்காமல் விட்டது ஒன்று உண்டு. அந்த மூன்று ஆண்டுகளும் அவள் கண்முன் இருந்தது ஒரே ஒரு வீடு. ஆற்றையொட்டிய வாத் தெருவில் அவளுடைய உம்மா யாமினா இருக்கிற வீடு.

அந்த ஆற்றுக்கு மெல்ஹ் என்று பெயர். கோடையில் அதை ஆறு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அது தெருவுக்குள் வந்தபோது, யாமினா கூஸ்கூஸ் பானையை மடியில் வைத்துக்கொண்டு சமையல் மேடையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு லல்லா தாமூவின் கணவர் கழுதையை அவிழ்த்துவிடப் போனார். கழுதை திரும்பி வந்தது.

வெள்ளம் வடிந்ததும் யாமினா மெத்தைகளைப் பிரித்தாள். நனைந்த கம்பளி பிணம்போலக் கனக்கும். அதை அலசி, மொட்டைமாடியில் விரித்து, விரலால் பிய்த்துப் பிய்த்துக் காயவைத்து, மறுபடி உறையில் அடைத்துத் தைத்தாள். அடுத்த ஆண்டும் அதே வேலை. நகரமன்றம் தன் ஊழியர் குடியிருப்பில் நுஸ்ஹாவுக்கு ஒரு வீடு ஒதுக்கியது. யாமினா வர மறுத்தாள். "உங்க வாப்பா கல்லு சுமந்து கட்டின வீடு. நான் நனைஞ்சா காஞ்சுக்குவேன்" என்றாள். நுஸ்ஹா ஒதுக்கீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உம்மாவோடேயே இருந்தாள். தாயை வீட்டிலிருந்து நகர்த்த முடியாது என்றால், தண்ணீரைத்தான் நகர்த்தவேண்டும். கணக்கு அவளுக்கு அவ்வளவு எளிதாகத்தான் தெரிந்தது.

ஆணையத்தின் இயக்குநராகக் காஸாபிளாங்காவிலிருந்து ஸி அன்வர் வந்தார். சந்தைக்கு எதிரே, வங்கியின் மேல்மாடியில் அலுவலகம் போட்டார். மரியாதையான மனிதர். கோப்பைத் திறப்பதற்கு முன் கை கழுவுகிறவர். அவருடைய சுவரில் நகரத்தின் பெரிய வரைபடம் தொங்கியது. முதல் கட்டத் தெருக்களில் எல்லாம் நீலக்கோடு ஓடியது. நுஸ்ஹா ஆற்றோரத்தில் தேடினாள். அங்கே வெள்ளையாக இருந்தது.

"வாத் தெரு எங்க, ஸி அன்வர்?"

"ரெண்டாம் கட்டத்துல இருக்கு."

"அது எப்ப வரும்?"

"முதல் கட்டம் வசூலாக ஆரம்பிக்கணும். அஞ்சு வருஷம் ஆகலாம். ஆறும் ஆகலாம்."

நுஸ்ஹா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிலப்பதிவேட்டின் நகலை எடுத்தார்.

"நானா எதுவும் பண்ணல, பாருங்க. பத்தொன்பது வீடு. கட்டணச் சீட்டு யார் பேருக்கு அனுப்பறது? முதல் வீடு, அப்துஸ்ஸலாம் பின் கத்தூர். யார் இவர்?"

"என் வாப்பா."

"அவர் கட்டுவாரா?"

"மௌத்தாகிப் பதினோரு வருஷமாச்சு."

"அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும். பக்கத்து வீடு, அல்ஃகாலி பின் ஹம்மு?"

"தாமூவோட மாமனார். அவர் பிரெஞ்சுக்காரன் காலத்துலயே போயிட்டார்."

"அதுக்குப் பக்கத்துல?"

நுஸ்ஹா பதிவேட்டின் நகலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. இந்தத் தெருவுல உயிரோட யாராவது இருக்காங்களா?"

அவர் கேலி செய்யவில்லை. கடன் ஒப்பந்தத்தின் ஏழாவது விதி அப்படி. ஒரு தெருவின் வீடுகளில் மூன்றில் இரண்டு பங்காவது உயிரோடிருக்கும் உரிமையாளர் பெயரில் பதிவாகியிருந்தால்தான் அந்தத் தெரு முதல் கட்டத்தில் சேரும். செத்தவரிடம் எந்த வங்கியும் வசூலிக்க முடியாது. ஒப்பந்தம் எழுதியபோது, வங்கி கேட்டது நியாயம்தான் என்று நுஸ்ஹாவே அதை ஒப்புக்கொண்டாள், அவளே தட்டச்சும் செய்தாள். மற்ற விதிகளையெல்லாம் மூன்று முறை சரிபார்க்கிறவள், இதை ஒருமுறை படித்துவிட்டுத் தாண்டிப் போனாள். பத்திரம் என்பது காகிதம்தானே, எழுதிவிட்டால் போகிறது என்று நினைத்தாள்.

"ஏப்ரல் முடியறதுக்குள்ள பேர் மாத்திக் கொண்டுவாங்க" என்றார் ஸி அன்வர். "கோடு நானே போடறேன். இது என் வாக்கு."

அந்த ஊரில் தகப்பன் இறந்தால் வீட்டை யாரும் பிரிப்பதில்லை. தாய் இருக்கும்வரை பிரிவினை என்ற சொல்லே வாயில் வராது. மகன்கள் திசைக்கு ஒருவராகப் போயிருப்பார்கள், கூரை ஒழுகும், ஆனாலும் பதிவேட்டில் தகப்பன் பெயர் அப்படியே நிற்கும். பெற்றவள் உயிரோடிருக்கும்போது வாரிசுப் பத்திரம் எழுதப் போகிறவனைப் பார்த்து, 'உம்மாவை அடக்கக் கஃபன் துணி அளக்கப் போறான்' என்பார்கள். அதற்கு அஞ்சியே பேரன் காலம்வரை செத்தவர் பெயரில் வீடுகள் நிற்கும். நுஸ்ஹா அந்தத் தெருவில் பிறந்தவள். இது அவளுக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தது வரைபடத்தின் முன் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

தாமூவின் முற்றத்தில் தெருவைக் கூட்டினாள். தாமூ தேநீரை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டே வரவேற்றாள்.

"வா வா, பெட்டிக்காரி! உக்காரு மகளே. டீ குடி, ரொட்டி தின்னு. பத்திரம் மட்டும் கேக்காதே."

"பேர் மாத்தறது மட்டும்தான் லல்லா. யாரும் வீட்டைப் பிரிக்கப் போறதில்ல. காகிதத்துல ஒரு பேர். அவ்வளவுதான்."

"கல்யாணமும் காகிதத்துல ஒரு பேர்தான்டி. அப்புறம் வீட்டுக்குள்ள என்னென்ன நடக்குதுன்னு உனக்கு எங்க தெரியப்போகுது!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாத நுஸ்ஹாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தத் தெருவில் அவளை இப்படிச் சீண்டுவதற்கு எல்லோருக்கும் உரிமை இருந்தது.

தாமூ குரலைத் தாழ்த்தினாள். "சொல்றதைக் கேளு. மாமனார் பேர்ல இருக்கிறவரைக்கும் இந்த வீட்டுல சண்டை இல்ல. அவர் எழுந்து வந்து பங்கு கேக்க மாட்டார். ஃபெஸ்ல ஒரு கொழுந்தன் இருக்கான், மெக்னெஸ்ல ஒருத்தன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வர்றான், கையில முத்தம் வைக்கிறான், போறான். அவன் பேரைக் காகிதத்துல ஏத்து, அப்ப வந்து பாரு."

"ஆறு வந்தா என்ன பண்ணுவீங்க?"

கேட்டபிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று நுஸ்ஹாவுக்கு உறைத்தது. தாமூ கையிலிருந்த கண்ணாடிக் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

"முதல்ல உன் வீட்டுல எழுது" என்றாள் கடைசியில். "உன் உம்மா விரல் வைக்கட்டும். அதைப் பாத்துட்டு நாங்க வர்றோம்."

நுஸ்ஹாவின் சகோதரர்களில் மூத்தவன் மீலூத் கெனித்ராவில் கார்ப் பட்டறை வைத்திருந்தான். இளையவன் தௌஃபிக் ஸ்பெயினில் தக்காளித் தோட்டத்தில் வேலை பார்த்தான். நுஸ்ஹா சொன்னதும், தௌஃபிக் அண்ணனுக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பிவைத்தான். மீலூத் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். யாமினாவிடம் யார் சொல்வது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளே கூஸ்கூஸ் தட்டை நடுவில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எழுதுங்க. தாமூ எல்லாம் சொல்லிட்டா. நுஸ்ஹா கணக்குப் போட்டா தப்பா வராது."

பத்திரம் எழுதும் அதூல்கள் இருவரும் வெள்ளை ஜெல்லாபா அங்கியில் வந்தார்கள். அந்த ஊரில் நிக்காஹ்வுக்கும் அவர்கள்தான், சொத்துக்கும் அவர்கள்தான். ஜோடியாகத்தான் வருவார்கள். பெரியவர் வாசித்தார், சின்னவர் எழுதினார். இறந்தவரின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் ஆண்மக்களுக்கு இரண்டிரண்டு, பெண்ணுக்கு ஒன்று.

யாமினா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "எட்டுல ஒண்ணுன்னா எந்த ரூம்?"

சின்ன அதூல் பேனாவை நிறுத்திவிட்டுப் புன்னகைத்தார். "ரூம் கணக்கு இல்ல உம்மா. ஒவ்வொரு கல்லுலயும் எட்டுல ஒண்ணு உங்களுது."

"சமையக்கட்டை நீயே வச்சுக்கோ உம்மா" என்றான் மீலூத். "நாங்க வந்தா படுக்க ஒரு மூலை குடு, போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். யாமினாவும் சிரித்தாள். பிறகு விரலை மையில் தொட்டு வைத்துவிட்டு, அதூல்களுக்குத் தேநீர் போட எழுந்து போனாள்.

அடுத்த வாரம் சல்லடை மாட்ட சுவரில் ஓர் ஆணி அடிக்கவேண்டியிருந்தது. யாமினா ஆணியும் சுத்தியலுமாக நுஸ்ஹாவிடம் வந்து, "மீலூத்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு" என்றாள். நுஸ்ஹா அதை வேடிக்கை என்று நினைத்து, சிரித்துக்கொண்டே ஆணியை அடித்துக் கொடுத்தாள். ரமலானுக்கு முன்னால் வழக்கம்போலச் சுண்ணாம்பு அடிக்கிற நாள் வந்தது. யாமினா சுண்ணாம்பைக் கரைத்து வைத்துவிட்டு, மட்டையைக் கையில் எடுக்காமல் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன உம்மா?"

"தௌஃபிக்குக்கு ஃபோன் போடு. அவன் சுவரும் இருக்கே. வெள்ளையே அடிக்கலாமா, வேற நிறம் வேணுமான்னு கேட்டுக்கலாம்."

"உம்மா! இது உன் வீடு."

"எட்டுல ஒண்ணு" என்றாள் யாமினா. வருத்தமாகச் சொல்லவில்லை. புதிதாகக் கற்றுக்கொண்ட பாடத்தை மறக்காமல் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். அன்றிரவு நுஸ்ஹா பத்திரத்தை எடுத்து மறுபடி படித்தாள். ஆனால் ஏப்ரல் முடிய நாள் அதிகம் இல்லை. தெருவில் ஒவ்வொரு வீடாக அதூல்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்துஸ்ஸலாம் வீட்டிலேயே எழுதிவிட்டார்கள் என்று சொன்னால் போதும், வாசல் திறந்தது. தாமூவும் விரல் வைத்தாள். ஸி அன்வர் வாக்குத் தவறவில்லை. நாற்காலியில் ஏறி நின்று, ஆற்றோரத்தின் வெள்ளையில் தன் கையாலேயே நீலக்கோடு இழுத்தார்.

கோடையில் தெருவைப் பிளந்தார்கள். ஆள் குனிந்து நடக்கிற அளவுக்குக் குழாய்கள் வந்து இறங்கின. தூசியில் யார் முகமும் தெரியவில்லை. யாமினா பணியாளர்களுக்கு இரண்டு வேளையும் தேநீரும் ஹர்ஷா ரொட்டியும் கொடுத்தாள். குழாயை இறக்கும்போதெல்லாம் வாசலில் நின்று பிஸ்மி சொன்னாள். நவம்பரில் முதல் பெருமழை பெய்தது. தெருவே குடையோடு வடிகால் வாய்களின் கம்பி வலைகளைச் சுற்றி நின்று பார்த்தது. தண்ணீர் ஓடிவந்தது, வலையின்மேல் தயங்கிச் சுழன்றது, பிறகு தொண்டைக்குள் இறங்குகிற மாதிரி சத்தத்தோடு கீழே போயிற்று. பின்னாலேயே வந்த தண்ணீரும் போயிற்று.

"ஆறு இனிமே நம்மகிட்டக் கேட்டுட்டுத்தான் வரணும்!" என்று தாமூ உரக்கச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுவது வெளியே கேட்டது. அவள் கணவர் போன மழைக்காலத்துக்கு முன்னால் வந்திருக்கவேண்டிய குழாய் அது. யாரும் கதவைத் தட்டவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுதும் யாமினாவின் மெத்தைகள் நனையவில்லை. நுஸ்ஹாவின் வாழ்நாளிலேயே நிம்மதியான மாதங்கள் அவைதான்.

வசந்தத்தில் வீடு தேடும் புதிய முகங்கள் தெருவில் நடக்க ஆரம்பித்தன. சுவரைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், காலடியால் முகப்பை அளப்பார்கள். சந்தைக்கு நடந்து போகிற தூரம், தண்ணீர் பயம் இல்லை, பத்திரம் சுத்தம். முதலில் தாமூவின் கொழுந்தன் ஃபெஸ்ஸிலிருந்து வந்தான், பெருநாள் இல்லாத ஒரு நாளில். அதன்பின் இன்னொரு வீட்டுக்கு ஒரு மருமகன் வந்தான். ஜூன் மாதம் மீலூத் வந்தான். உம்மா கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து, தங்கையை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனான்.

"நான் கெட்டவன் இல்ல நுஸ்ஹா."

"கெட்டவன்னு யார் சொன்னா?"

"பட்டறை போகப்போகுது. இடத்துக்காரன் விக்கிறான். நான் வாங்கலைன்னா நடுத்தெரு. தௌஃபிக்கும் அங்க எத்தனை வருஷம் கூனிக்கிட்டே இருப்பான்? திரும்பி வந்து ஒரு கடை வைக்கணும்னு அழறான்."

"உம்மா இருக்கறப்பவா அண்ணே?"

அவன் கைப்பிடிச் சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான். "முன்னாடி வித்தா யார் வாங்குவா, ஆத்துக்குள்ள இருக்கிற வீட்டை? பேரும் இல்ல, விலையும் இல்ல. எனக்கு அந்த நினைப்பே வந்ததில்ல, வல்லாஹி. இப்ப ரெண்டும் இருக்கு. நீ குடுத்ததுதான்."

"நீ சமையக்கட்டை வச்சுக்கோன்னு சொன்னியே உம்மாகிட்ட."

"சொன்னேன்." அவன் கண் கலங்கியிருந்தது. "உம்மா என் வீட்டுக்கு வரட்டும். லிஃப்ட் இருக்கு. இல்லைன்னா நீயே வாங்கிக்கோ. பங்காளி நீ, முதல் உரிமை உனக்குத்தான். வெளியாள் என்ன விலை தர்றானோ அதே விலை. ஒரு திர்ஹம் கூடுதல் வேண்டாம்."

அவன் சொன்னது சட்டப்படி சரி. நுஸ்ஹா சம்பளச் சீட்டோடு மூன்று வங்கிகள் ஏறினாள். பழைய விலையாக இருந்தால் அவளால் முடிந்திருக்கும். வடிகாலுக்குப் பிறகு வந்த விலையில் பாதிக்குக்கூட யாரும் கடன் தரவில்லை. ஒருநாள் மாலை ஸி அன்வரின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் முழுதும் கேட்டார். தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஆணையத்தால ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டாள். என்ன பதில் வரும் என்று தெரிந்தேதான் கேட்டாள்.

"வீட்டு விலை ஏறும்னு காட்டித்தானே நாம கடன் வாங்கினோம். ஏறலைன்னாத்தான் நாம தோத்தோம்னு அர்த்தம்." அன்போடுதான் சொன்னார்: "கடன் அறிக்கையில அந்த அத்தியாயம் நீங்க எழுதினது. ரபாத்துல எல்லாரும் பாராட்டினாங்க."

"ஏழாவது விதியை வேற மாதிரி எழுதியிருக்க முடியுமா, ஸி அன்வர்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். சமாதானம் சொல்லத் தெரியாத, நேர்மையான மனிதர்.

"முடியாது. வேற மாதிரி எழுதியிருந்தா கடன் வந்திருக்காது. கடன் வரலைன்னா குழாய் இல்ல."

முடிந்திருக்கும், நீதான் தவறு செய்தாய் என்று அவர் சொல்லியிருக்கலாம் என்று நுஸ்ஹாவுக்குத் தோன்றியது. தவறு என்று ஒன்று இருந்திருந்தால் அதை எங்கேயாவது இறக்கி வைத்திருப்பாள்.

இனி நீதிமன்றம்தான் பாக்கி. போனாலும், அண்ணன் தம்பி பங்கு பெரியது, ஏலத்தில்தான் முடியும். அதையும் செய்து பார்க்கிறேன் என்று அவள் உம்மாவிடம் சொன்னபோது, யாமினா பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"கோர்ட்டுல மீலூத்துக்கு எதிரா நிப்பியா?"

"நிப்பேன்."

"நிக்காதே. பெருநாளுக்கு அவன் எங்க வருவான் அப்புறம்?" ஒரு தோலை உரித்து, பட்டாணியைக் கிண்ணத்தில் தள்ளினாள். "வீட்டுக்காக நான் உங்க மூணு பேரையும் பெறலை."

"என்னாலதான் உம்மா இதெல்லாம்."

"உன்னாலதான்" என்றாள் யாமினா. மறுக்கவில்லை. அதில் கோபமும் இல்லை. "இந்த வருஷம் கம்பளியைப் பிரிக்கலை நான். அதுவும் உன்னாலதான். இந்தா, நீயும் உரி."

வாங்க வந்தவர் தரை ஓடு வியாபாரி ஸி ஹம்மாதி. அதூல்கள் அதே ஜோடியாக வந்தார்கள். எழுத்து வேலை உள்ளறையில் நடந்துகொண்டிருக்க, யாமினா அவருடைய மனைவிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். நுஸ்ஹா பின்னாலேயே போனாள். யாமினா எதையும் விடவில்லை. இந்தக் குழாயை இடப்பக்கம் திருகவேண்டும். குளிர்காலத்தில் வெயில் முதலில் இந்த மூலைக்கு வரும், மாவை இங்கே வைத்தால் சீக்கிரம் பொங்கும். மாடிப் படியில் மூன்றாவது மட்டும் கொஞ்சம் உயரம், குழந்தைகள் தடுக்கி விழும்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்று கேட்கவேண்டியிருந்தது. கேட்கலாமா என்று தயங்கி, கடைசியில் கேட்டுவிட்டாள். "லல்லா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தெருவுல தண்ணி வரும்னு சொல்வாங்களே..."

யாமினா முதுகை நிமிர்த்தினாள்.

"முன்னாடி வந்துச்சு மகளே. ஆளையே கொண்டு போச்சு. இனிமே வராது. என் மகள் பண்ணினது. பெரிய பெரிய ஆளுங்களை எல்லாம் கை தூக்க வச்சு, ரபாத்துல கடன் வாங்கி, இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தா. எத்தனை மழை பெய்யட்டும், நீங்க பயப்படாம தூங்கலாம்."

அந்தப் பெண் திரும்பி நுஸ்ஹாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "அல்லாஹ் உங்களுக்கு நிறையக் குடுக்கட்டும்" என்றாள். நுஸ்ஹா ஆமீன் சொன்னாள். வேறு என்ன சொல்வது?

மீலூத் காரில் மூட்டைகளை ஏற்றினான். யாமினா அவனோடு கெனித்ராவுக்குப் போகிறாள். வேலை இருப்பதால் நுஸ்ஹா சந்தைப் பக்கம் ஓர் அறை பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் பேருந்தில் போய்வருவதாகப் பேச்சு. எல்லாம் ஏற்றியானதும், தாயை இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று பார்க்க அவள் வாசல்வரை திரும்பி வந்தாள். ஸி ஹம்மாதி அங்கே நின்றிருந்தார்.

"ஒரு சந்தேகம் கேக்கலாமா? வடிகால் கட்டணம்னு ஒண்ணு இருக்காமே. அது இனி யார் கட்டணும், நீங்களா நாங்களா?"

"அது வீட்டோட போகும்" என்றாள் நுஸ்ஹா. அலுவலகத்தில் பேசுகிற குரல் தானாகவே வந்துவிட்டது. "இனி உங்க பேருக்கு வரும்."

"எங்க போய்க் கட்டறது?"

"சந்தைக்கு எதிர்ல, வங்கிக்கு மேல்மாடி. பத்திர நகல் எடுத்துட்டுப் போங்க. பதிவேட்டுல உங்க பேரை ஏத்துவாங்க. எழுத்து சரியா இருக்கான்னு அங்கயே பாத்துக்கோங்க."

"பேர் அவ்வளவு முக்கியமா?"

"முக்கியம்."

அவர் பையில் தேடி ஒரு பேனாவை எடுத்து, முகவரியை எழுதித் தரச் சொன்னார். அவள் எழுதினாள். அவசரத்தில் மாடி எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டு, அடித்துவிட்டுச் சரியாக எழுதினாள். மீலூத் காரை உறுமவைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாமினா அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள். வீட்டின் பக்கம் திரும்பாமல், மகள் வேலையை முடித்துவிட்டு வரட்டும் என்று காத்திருந்தாள்.